மலேசியா உருவானது 1957-இலா, 1963-இலா? அதன் எல்லைகள் இன்னும் சர்ச்சையில்தான் இருக்கின்றனவா?

கேள்விக்குக் கீழே, "சபா தன்னுடையது என்று பிலிப்பைன்ஸ் இன்னும் சொல்கிறதே, அப்படியென்றால் மலேசியா ஒரு முழு நாடுதானா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஏதோ தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். இரண்டு புத்தகத்தில் இரண்டு ஆண்டைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். குழப்பம் நியாயமானதுதான். ஆனால் "முழு நாடுதானா" என்று கேட்டது எனக்குச் சுருக்கென்று பட்டது. நான் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இப்போதும் லாபிஸில்தான் இருக்கிறேன், ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையில் வேலை. சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர் இது. மலேசியாவின் எல்லைச் சண்டை இந்த ஊர் ரப்பர் மரங்களின் மேல் வானத்திலிருந்து வந்து இறங்கியது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுகள். 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் பெற்றது மலாயா கூட்டரசு. அதில் தீபகற்பத்தின் 11 மாநிலங்கள் மட்டுமே இருந்தன. 1963 செப்டம்பர் 16-இல் சிங்கப்பூர், சரவாக், வட போர்னியோ என்ற சபா மூன்றும் அதோடு சேர்ந்தபோதுதான் மலேசியா உருவானது. புருணை பேச்சுவார்த்தையில் இருந்தது, கடைசியில் சேரவில்லை. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிந்து போனது. செப்டம்பர் 16-க்கு நாடு முழுவதும் பொது விடுமுறை கிடைத்ததே 2010 முதல்தான். அதனால் இங்குள்ள பிள்ளைகளைக் கேட்டாலும் பாதிப் பேர் 1957 என்றுதான் சொல்வார்கள்.

மலேசியாவை 1963 ஆகஸ்ட் 31-இல் அறிவிப்பதாகத்தான் திட்டம். இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்த்ததால், சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐ.நா. ஒரு குழுவை அனுப்பியது. அதன் அறிக்கை வரும்வரை தேதி தள்ளிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டு கோபோல்ட் ஆணையம் என்ற விசாரணைக் குழு அந்த இரண்டு இடத்துக்கும் வந்து 4,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்திருந்தது. மூன்றில் ஒரு பங்கினர் முழு ஆதரவு, இன்னொரு பங்கினர் நிபந்தனையோடு ஆதரவு, மீதிப் பேர் முதலில் சுதந்திரம் வேண்டும் என்றோ, பிரிட்டிஷ் ஆட்சியே தொடரட்டும் என்றோ சொன்னார்கள் என்பது அதன் கணிப்பு. "அது பொது வாக்கெடுப்பு இல்லையே" என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். உண்மை, வாக்கெடுப்பு நடந்தது சிங்கப்பூரில் மட்டும்தான். தீபகற்பத்திலும் எல்லாரும் ஒரே மனதாக இல்லை. மலேசியா பிறப்பதற்குச் சில நாள் முன்பு கிளந்தான் மாநில அரசு அதைத் தடுக்க நீதிமன்றம் போய்த் தோற்றது. ஆனாலும் கேட்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சபா விவகாரம் 1878-இல் தொடங்குகிறது. இன்றைய தெற்குப் பிலிப்பைன்ஸில் உள்ள சூலு தீவுகளின் சுல்தான் ஆண்டுக்கு 5,000 வெள்ளி (அன்றைய டாலர்) என்று பேசி அந்த நிலத்தை ஓவர்பெக், டென்ட் என்ற இரண்டு வணிகர்களிடம் கொடுத்தார். பின்னால் அது 5,300 வெள்ளி ஆனது. குத்தகையாகக் கொடுத்தாரா, நிரந்தரமாகக் கொடுத்தாரா என்பதுதான் வழக்கு. பிலிப்பைன்ஸ் 1962-இல், மக்கபகால் அதிபராக இருந்தபோது, அதிகாரபூர்வமாக உரிமை கோரியது. சுல்தானின் வாரிசுகளுக்கு அந்தப் பணத்தை மலேசியா ஆண்டுதோறும் கொடுத்து வந்தது. 2013-இல் அவர்களில் ஒருவருடைய ஆட்கள் ஆயுதத்தோடு சபாவின் லஹாட் டத்துவில் வந்து இறங்கினார்கள், நம் காவல்துறையினரும் படைவீரர்களும் செத்தார்கள், அதோடு பணம் நின்றது. ஒரு சுல்தான் போட்ட கையெழுத்தை வைத்து இன்று அங்கே வாழும் லட்சக்கணக்கான மக்களை இன்னொரு நாட்டுக்கு மாற்றிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. இது என் கருத்து.

வேறு எல்லைத் தகராறுகளும் உண்டு. சிப்பாடான், லிகிட்டான் தீவுகளை இந்தோனேசியா கேட்டது. 2002-இல் அனைத்துலக நீதிமன்றம் அவை மலேசியாவுக்கே என்றது. அந்தத் தீவுகளில் ஆமை முட்டை எடுப்பதற்கு வட போர்னியோ நிர்வாகம் விதி போட்டு, சிப்பாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்து, நடைமுறையில் ஆண்டு வந்தது என்பதே முக்கியக் காரணம். ஜொகூருக்கு எதிரே கடலில் உள்ள பத்து பூத்தே என்ற பாறைத் தீவின் விஷயம் தலைகீழ். 2008-இல் அதே நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. 1953-இல் ஜொகூர் அரசின் தற்காலிகச் செயலாளர் "ஜொகூர் அதற்கு உரிமை கோரவில்லை" என்று எழுதிய ஒரு கடிதம் அந்தத் தீர்ப்பில் பெரிய பங்கு வகித்தது. ஜொகூர்க்காரனாக எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, எங்கள் ஊருக்கு வருகிறேன்.

1963 ஜனவரியில் இந்தோனேசியா "கொன்ஃபிரன்டாசி", அதாவது மோதல், என்று அறிவித்தது. மலேசியா என்பது பிரிட்டிஷ்காரன் கட்டிய பொம்மை நாடு, அதை நசுக்க வேண்டும் என்பது இந்தோனேசிய அதிபர் சுகர்னோவின் பேச்சு. முதலில் சண்டை போர்னியோ காட்டெல்லையில் நடந்தது. 1964 ஆகஸ்ட் 17-இல், அவர்களுடைய சுதந்திர நாளன்று, ஜொகூரின் பொந்தியான் கரையில் ஆட்களை இறக்கினார்கள். செப்டம்பர் 2 அதிகாலையில் லாபிஸைச் சுற்றி விமானத்திலிருந்து 96 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். மறுநாள் நாடு முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

அன்று இரவு இடியோடு பெருமழை. என் அப்பாவுக்கு அப்போது பத்து, பதினோரு வயது. லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரையில் மழை விழும் சத்தத்தையும் மீறி விமானச் சத்தம் கேட்டது என்பார். பால் மரத் தோட்டத்தில் இரவு மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், காலையில் மரம் சீவ முடியாது. அதனால் அன்று பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போன எல்லாரும் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் போன கவலைதான் இருந்ததே தவிர வேறு ஒன்றும் தெரியாது. பொழுது ஏறியதும் போலீஸ் வந்தது, அப்புறம் ராணுவ லாரிகள். குர்க்காக்களும் நியூசிலாந்து வீரர்களும் தீம்பாருக்குள் (ரப்பர் மரக் காட்டுக்குள்) வரிசையாக இறங்கினார்கள். உயரமான மரம் ஒன்றில் வெள்ளைத் துணி சிக்கித் தொங்கியதைப் பார்த்து, யாரோ கோயில் திரையைக் கட்டிவிட்டார்கள் என்று ஒரு கிழவி நினைத்தாராம்.

குதித்தவர்கள் அந்த மழைக்காற்றில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டார்கள். இங்குள்ள மக்கள் தங்களை வரவேற்று, கூடச் சேர்ந்து கிளம்புவார்கள் என்று சொல்லித்தான் அவர்களை அனுப்பியிருந்தார்கள். அதற்கு முன்பிருந்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகள் நடமாடிய பகுதி என்பதால் லாபிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை அனுப்பியவர்கள் எங்கள் ஆட்களை அறியவில்லை.

சில நாள் கழித்து, வேலை மறுபடி தொடங்கியதும், என் பாட்டி தன் நிரையின் கடைசியில் மரம் சீவிக்கொண்டிருந்தபோது ஒருவன் வந்து நின்றான். உடம்பெல்லாம் அட்டை கடித்த காயம். சின்னப் பையன்தான், இருபது வயது இருக்கும் என்பார் பாட்டி. மலாயில் சோறு கேட்டான். தூக்குச் சட்டியில் இருந்த சோற்றையும் கருவாட்டையும் பாட்டி அப்படியே கொடுத்துவிட்டார். அவன் சாப்பிடும்வரை நின்றார். பிறகு பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, அவசரமே இல்லாததுபோல நடந்து வந்து, தண்டலிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொன்னார். தண்டல் மானேஜரிடம் ஓடினார், மானேஜர் போலீசுக்குப் போன் போட்டார். அன்று சாயங்காலமே அவனைப் பிடித்துவிட்டார்கள். உயிரோடு பிடித்தார்கள். அதைப் பாட்டி எப்போதும் அழுத்திச் சொல்வார்.

சோறு போட்டுவிட்டுக் காட்டிக் கொடுத்தது சரியா என்று எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கேட்டதுண்டு. பாட்டி சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "பசின்னு கேட்டான், குடுத்தேன். துப்பாக்கி வச்சிருந்தான், சொன்னேன். லயத்துல எத்தன புள்ளைங்க இருந்துச்சு!" இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குறை சொல்பவர்கள் அந்த நிரையில் தனியாக நின்று பார்த்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் இந்தோனேசியர்களை வெறுப்பவன் என்று எண்ண வேண்டாம். 1966 ஆகஸ்டில் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டுச் சண்டையை முடித்துக்கொண்டன. இன்று எங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுபவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான். என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். நான் சொல்வது அந்த நாளில் என்ன நடந்தது என்பதை மட்டும்தான். ஒரு நாட்டின் எல்லையை ஐ.நா. குழுவும், மலேசியாவை உருவாக்க லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தமும் மட்டும் உறுதி செய்வதில்லை. வந்து இறங்கியவனோடு அந்த மண்ணில் உள்ளவர்கள் சேர்ந்தார்களா, சேரவில்லையா? லாபிஸில் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். சில வாரங்களில் குதித்தவர்களில் பெரும்பாலோர் பிடிபட்டார்கள் அல்லது கொல்லப்பட்டார்கள்.

குதித்தவர்களில் மலேசியச் சீனர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் வழக்கு, அப்போது எங்களுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. மலேசியாவுக்கு விசுவாசக் கடமை உள்ள ஒருவன் எதிரிப் படையோடு வந்து பிடிபட்டால் அவனுக்குப் போர்க் கைதிக்குரிய பாதுகாப்பு கிடையாது என்று அங்கே முடிவானது. விசுவாசம் என்ற கேள்வியைச் சட்டம் அவ்வளவு கவனமாகப் பார்த்தது. அப்படியென்றால் என் பாட்டியின் விசுவாசத்தை யார் பார்த்தார்கள்?

இது நீங்கள் கேட்காத விஷயம், தெரியும். ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த நாட்டுக்காக வாய் திறந்த என் பாட்டிக்கு அன்று இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு மற்றவர்களுக்கு. நாமக்கல் பக்கத்தில் பிறந்து, 1938-இல் இந்திய அரசு கூலிகளை அனுப்புவதை நிறுத்துவதற்கு முன்பே, தாயின் கையைப் பிடித்துக் கப்பலேறி வந்தவர். சுதந்திரம் வந்த முதல் ஓராண்டில் குடியுரிமைக்குப் பதிபவர்களுக்கு மலாய் மொழித் தேர்வில் சலுகை இருந்தது. இதைத் தோட்டத்தில் யாரும் வந்து சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணிகள் (தோட்ட எழுத்தர்கள்) தங்கள் குடும்பத்துக்குப் பதிந்துகொண்டார்கள். பாட்டிக்குத் தெரிய வந்தபோது அந்த ஓராண்டு முடிந்திருந்தது.

1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, எங்கள் லயத்திலிருந்து பல குடும்பங்கள் ரஜுலா கப்பலில் ஊருக்குப் போய்விட்டன. பாட்டி போகவில்லை, பெர்மிட் வாங்கி மரம் சீவினார். சிங்கப்பூரில் இருந்த தங்கையைப் பார்ப்பதும் சிரமமாகிவிட்டது. நடுவில் எல்லை வந்துவிட்டது, சிவப்பு அட்டைக்கு மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கிடையாது. தங்கை இறந்தபோது பாட்டியால் போக முடியவில்லை.

பிறகு விண்ணப்பித்தோம். நேர்காணலில் ஓர் அதிகாரி மலாயில் ஏதேதோ கேட்டார். பாட்டி தனக்குத் தெரிந்த பசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாயில்) பதில் சொன்னார். அந்தப் பையனிடம் சோறு கொடுத்துப் பேசியதும் அதே மலாய்தான். நிராகரித்துக் கடிதம் வந்தது, காரணம் எழுதவில்லை. குடியுரிமை பற்றிய அரசின் முடிவை நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2012-இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு 500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தபோது அதுவும் குடிமக்களுக்கு மட்டும்தான். அவருக்கு அந்தப் பணம் பெரிதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கப் போனபோது, தான் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் அவரை வதைத்தது. சிவப்பு அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், நீங்கள் நேரத்தில் பதிந்திருக்க வேண்டும்" என்று எழுத வருபவர்களுக்கு: விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய் வெயிலில் திரும்பும் எழுத்தறியாத பெண்ணுக்கு எந்த அரசிதழ் வந்து சேர்ந்தது என்று முதலில் சொல்லுங்கள். எந்த இனத்தையும் நான் பழிக்கவில்லை. கிழவிகளிடம் போய் "நீ யார்" என்று கேட்கும் வழக்கத்தைத்தான் பழிக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: மலேசியா முழு நாடுதான். அதன் எல்லைகளில் சில இடங்களில் இன்னும் வழக்கு இருக்கிறது. எந்தப் பெரிய நாட்டுக்குத்தான் இல்லை?

இதைப் படிக்கும் மலேசியத் தமிழர் யார் வீட்டிலாவது சிவப்பு அட்டையோடு பெரியவர்கள் இருந்தால், பழைய தோட்டச் சம்பளச் சீட்டு, சேமநிதிப் புத்தகம், ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) பிள்ளையைப் பதிந்த தாள், எது கிடைத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு கிளம்பிய உடனே ஆபீசுக்குப் போய்ப் பேர்ப்பதிவில் அவர்கள் பெயர் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கைமாறிய பிறகு எங்களுக்கு அது கிடைக்கவில்லை.