வாத்துகளுக்கான நிலம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாத்து வேட்டைக்காக 20 ஏக்கர் தாழ்நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். சுற்றிலும் கரை, ஒரு பலகை மதகு. சென்ற ஆண்டு கோடை முழுக்க நீரைத் தேக்கியே வைத்திருந்தோம். வாத்துகள் இறங்கின, மறுநாளே போய்விட்டன. இணையத்தில் தேடினால் துப்பாக்கியும் பொம்மை வாத்துமாகவே வருகிறது. நிலத்தை என்ன செய்யவேண்டும்? மக்காச்சோளம் போடலாமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

கோடையில் நீர் நின்றதால்தான் வாத்து நிற்கவில்லை. அவை தின்னும் விதைகளைத் தரும் ஓராண்டுச் செடிகள் நீருக்கடியில் முளைப்பதில்லை, வெளியே தெரியும் ஈரச் சேற்றில்தான் முளைக்கும். ‘மாய்ஸ்ட் சாயில் மேனேஜ்மென்ட்’ (ஈரமண் மேலாண்மை) என்று தேடுங்கள். வனவிலங்குத் துறைகளின் கையேடுகள் நிறையக் கிடைக்கும்.

அடிப்படை இதுதான்: வசந்தத்தில் நீரை மெல்ல வடித்து, இலையுதிர்காலத்தில் மெல்ல நிறைப்பது. மதகுப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு மூன்று வாரங்களில் வடியவிடுங்கள். உங்கள் பகுதியில் மே மாதத்துக்குள் வடித்தால் பெரும்பாலும் ஸ்மார்ட்வீட் என்ற, வாத்துகள் தின்னும் விதை தரும் செடி வரும். ஜூனில் வடித்தால் காட்டுக் குதிரைவாலி. ஒரே நாளில் எல்லாப் பலகையையும் உருவினால், அதுவும் வெயில் ஏறியபின், மண் வெடித்து இறுகி மருளூமத்தைக் களைதான் மண்டும். அது முளைவிட்டு சிறிதாக இருக்கும்போதே நுனி மூழ்க ஓரிரு நாள் நீர் கட்டி வடித்தால் அழுகும், குதிரைவாலி தாங்கிக்கொள்ளும். வளரவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது.

மூன்றாம் ஆண்டுவாக்கில் பல்லாண்டுக் களைகளும் வில்லோ மரக்கன்றுகளும் தலைதூக்கும். அப்போது சட்டிக் கலப்பை ஓட்டவேண்டும். நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் உழாதீர்கள், பகுதி பகுதியாகப் போதும். கரையில் மஸ்க்ராட் (நீரில் வாழும் எலிபோன்ற விலங்கு) வளை இருக்கிறதா என்று நிறைக்கும் முன் நடந்து பாருங்கள். பாதி நிறைந்தபின் தெரியும் கசிவை அடைப்பது பெரும்பாடு.

ஆழத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். மல்லார்ட், ஊசிவால் (வேடந்தாங்கலுக்கு வரும் அதே இனம்), கிளுவை ஆகிய வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து எட்டுமளவே தின்னும். 10 முதல் 25 செ.மீ. போதும். அரை மீட்டர் நின்றால் பார்க்க ஏரிபோல அழகாக இருக்கும், அடியிலுள்ள விதை அவற்றுக்கு இல்லை. செப்டம்பரில் தாழ்வான மூலையை மட்டும் நனையுங்கள். பிறகு சிறிது சிறிதாக ஏற்றினால் ஒவ்வொரு வாரமும் புது ஓரம் கிடைக்கும். வேட்டைப் பருவம் முடிந்ததும் நீரைத் திறந்துவிடாதீர்கள். மட்கும் தண்டுகளில் புழுக்கள் பெருகும். வடக்கே முட்டையிடப் போகும் பெட்டைகளுக்குப் புரதம் அதிலிருந்துதான்.

மக்காச்சோளம் போடலாம். ஆனால் அதில் மாவுச்சத்துதான் மிகுதி, புரதம் குறைவு. சட்டச் சிக்கலும் உண்டு. நிற்கும் பயிரில் நீர் கட்டி வேட்டையாடலாம். அறுவடை செய்யாத கதிரைச் சாய்த்தோ அரைத்துச் சிதறியோ அங்கே சுட்டால் அது இரைபோட்டு வேட்டையாடும் குற்றம். தானியத்தை முழுக்க அகற்றிய பிறகும் 10 நாட்கள் அங்கே சுடக்கூடாது. தானாக முளைத்த காட்டுச்செடிகளை வெட்டலாம், தடையில்லை. விதைத்த குதிரைவாலியோ அந்த ஆண்டு பயிராகவே கருதப்படும். மறு ஆண்டு தானாக முளைத்தால்தான் காட்டுச்செடி. இந்த நுணுக்கத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

20 ஏக்கரில் ஒரு பகுதியைச் சுடாமல் விடுங்கள். தினமும் வெடி கேட்கும் இடத்தில் எவ்வளவு தீனி இருந்தாலும் வாத்து தங்காது.

உரிமங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 16 வயது நிரம்பியவர்களுக்குக் கூட்டாட்சி அரசின் வாத்து முத்திரை (வேட்டை உரிமமாக வாங்கும் வில்லை, 25 டாலர்), ஈயமில்லாத குண்டு. வாத்து வேட்டையில் ஈயக் குண்டுக்கு 1991 முதல் நாடு முழுவதும் தடை. சுட்ட வாத்தின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய எண் வளையம் இருந்தால் எண்ணைப் பறவை வளைய ஆய்வகத்தின் தளத்தில் பதியுங்கள். வேட்டை அளவை நிர்ணயிக்கும் கணக்குகளுக்கு அது போகிறது.

மிசௌரி மாநில இயற்கைவளப் பாதுகாப்புத் துறையில் தனியார் நிலங்களுக்கென்றே அலுவலர்கள் இருக்கிறார்கள். ஏப்ரலுக்கு முன் ஒருவரை அழைத்து மதகையும் மண்ணையும் காட்டுங்கள். அதோடு, மதகைத் திறக்கும் உரிமை யாருக்கு என்று குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறதா பாருங்கள். நில உரிமையாளர் ஜூலை வரை நீரைப் பாசனத்துக்குப் பிடித்துவைத்தால் மேலே சொன்ன எதையும் செய்யமுடியாது.