புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியர்கள் என்னென்ன பொருட்களைப் பயன்படுத்தினார்கள்? புதிதாகத் தொடங்கும் நான் எதை முதலில் வாங்க வேண்டும்?

காகிதம். கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே செலவிடுங்கள்.

பதினோரு வருடமாக வாரக் கடைசிகளில் வரைகிறேன். முதல் நான்கு வருடம் தலைகீழாகச் செய்தேன். விலை கூடிய வண்ண டியூப்களை வாங்கிவிட்டு, சாதாரண டிராயிங் தாளில் வரைந்துகொண்டிருந்தேன். வானத்துக்கு நீலம் பூசினால் தாள் உடனே உறிஞ்சிக்கொள்ளும், திட்டுத் திட்டாகக் காயும். இரண்டாம் முறை பிரஷ் பட்டால் மேற்பரப்பு பஞ்சு பஞ்சாகப் பிரிந்து வரும். எனக்குக் கை வரவில்லை என்றே நினைத்திருந்தேன். நல்ல பருத்திக் காகிதத்தில் முதல்முறை வரைந்த அன்றுதான் குறை எங்கே என்று புரிந்தது.

பெரிய ஓவியர்களைப் படித்தபோதும் இதையேதான் பார்த்தேன். இங்கிலாந்தின் டர்னர் (1775–1851) மிகவும் விரும்பிப் பயன்படுத்தியவற்றில் ஒன்று, கென்ட் பகுதியில் தயாரான வாட்மன் காகிதம். கந்தல் துணியிலிருந்து செய்தது. துணிக்குக் கஞ்சி போடுவதுபோல, அந்தத் தாளை ஜெலட்டின் கரைசலில் முக்கிக் காயவைப்பார்கள். அதனால் வண்ணம் சட்டென்று உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். காய்ந்த பிறகும் ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், கத்தியால் சுரண்டி வெள்ளையை வெளியே கொண்டுவரலாம்.

1818இல் யார்க்‌ஷயரில் நண்பர் ஃபாக்ஸ் வீட்டில் தங்கியிருந்தபோது, போர்க்கப்பல் எவ்வளவு பெரியது என்று புரியும்படி ஒரு படம் வரைந்து தரச் சொன்னார்கள். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் டர்னர் முடித்துவிட்டார். தாள் ஊறும்வரை வண்ணத்தைக் கொட்டினார், தேய்த்தார், சுரண்டினார் என்று கூடவே இருந்து பார்த்த ஃபாக்ஸின் மகன் சொல்லியிருக்கிறார். நம்மூர் டிராயிங் தாள் இதில் பாதிகூடத் தாங்காது.

விலை கூடியதுதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. டேவிட் காக்ஸ் என்ற ஓவியருக்கு 1836இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் தயாரான முரட்டுத் தாள் ஒன்று கிடைத்தது. சரக்குப் பொட்டலம் கட்டுகிற தாள் அது. காற்றும் மழையும் அடிக்கிற வெட்டவெளியை வரைய அந்தச் சொரசொரப்பு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அதில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் இருக்கும். வானத்தில் புள்ளி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, இறக்கை வைத்துப் பறவையாக்கிவிடுவேன் என்றாராம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை இது.

நம் நாட்டில் வங்காள ஓவியர் அவனீந்திரநாத் தாகூரும் அப்படித்தான். 1903இல் ஜப்பானிய ஓவியர்கள் யோகோயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் கல்கத்தா வந்தபோது, தைகான் ஈரத் தூரிகையால் தாளை நனைத்து வேலை செய்வதைக் கவனித்தார். அதிலிருந்து தனக்கென ஒரு முறையை உருவாக்கிக்கொண்டார்: வண்ணம் பூசிய படத்தையே தண்ணீரில் முக்கி எடுப்பது, மறுபடி பூசுவது, மறுபடி முக்குவது. 1905இல் அவர் வரைந்த 'பாரத மாதா' படத்தில் தெரியும் பனி மூட்டம் போன்ற அந்த மென்மை இப்படி வந்ததுதான். இத்தனை குளியலுக்குப் பிறகும் நிற்கிற தாள் இல்லாமல் அது முடியாது. அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் பிறகு சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக வந்தார்.

வண்ணத்துக்கு வருவோம். காகிதத்தில் இவ்வளவு கவனமாக இருந்த பெரியவர்களே சறுக்கிய இடம் இது. அமெரிக்காவின் வின்ஸ்லோ ஹோமர் 1887இல் வரைந்த ஒரு பண்ணைச் சிறுவன் படம் சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. வானம் இன்று ஏறக்குறைய வெறும் வெள்ளை. ஆய்வாளர்கள் மிச்சமிருந்த நிறத் துகள்களைச் சோதித்தபோதுதான், அங்கே முன்பு சிவப்பும் ஆரஞ்சுமாக ஓர் அந்தி வானம் இருந்தது தெரிந்தது. வெளிச்சம் தின்றுவிட்டது. எடின்பரோவில் 1900இல் ஒரு சேகரிப்பாளர் உயிலில் விட்டுச்சென்ற 38 டர்னர் நீர்வண்ணப் படங்களை, அவர் போட்ட நிபந்தனைப்படி, வெயில் மிகக் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டும்தான் காட்சிக்கு வைப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது, ஏனென்றால் என் அக்கா வீட்டில் இதே நடந்தது. அவள் வீட்டு மாடியில் படர்ந்த காகிதப்பூவை வரைந்து கொடுத்திருந்தேன். ஜன்னலுக்கு எதிரே மாட்டினாள். இரண்டு வருடத்தில் இலைகள் அப்படியே இருக்க, பூக்கள் மட்டும் சாம்பல் பூத்து வெளிறிவிட்டன. நான் போட்டது அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பு. டியூபில் பொடி எழுத்தில் பிஆர் 83 என்று இருந்திருக்கிறது. அது வெளிச்சத்தில் மங்கும் நிறமி என்பது அன்று எனக்குத் தெரியாது. டியூபின் முன்னால் இருக்கும் அழகான பெயரைப் பார்க்காதீர்கள், பின்னால் இருக்கும் நிறமி எண்ணைப் பாருங்கள். ரோஜா நிறத்துக்கு பிவி 19, நீலத்துக்கு பிபி 29, மஞ்சளுக்கு பிஒய் 154. இந்த மூன்றோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஒன்றைச் சேர்த்தால் ஒரு வருடத்துக்குப் போதும்.

வெள்ளை வேண்டிய இடத்தில் தாளையே வெறுமையாக விட வேண்டும், வெள்ளை வண்ணத்தைத் தொடக்கூடாது என்று யாராவது கறாராகச் சொன்னால் அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட்டைக் காட்டுங்கள். கெட்டி வெள்ளை போட்டார், மெழுகு தேய்த்து அதன்மேல் வண்ணம் பூசினார். 1909இல் அவருடைய 83 நீர்வண்ணப் படங்களை புரூக்ளின் அருங்காட்சியகம் ஒரே நேரத்தில் வாங்கியது.

பிரஷ் விஷயத்தில் அவசரம் வேண்டாம். 8ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று, செயற்கை முடியே போதும், நுனி கூர்மையாகச் சேர வேண்டும். கீரி முடி பிரஷ் என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், ஒரு பிரஷுக்காக அந்த உயிர்களைக் கொல்கிறார்கள்.

காகிதம் வாங்கும்போது நூறு சதவீதம் பருத்தி, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) என்று கேளுங்கள். 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் விலை அடக்கமாக வரும். கையால் செய்த காகிதம் எல்லாமே இதற்கு ஆகாது. ஒரு துண்டு கேட்டு வாங்கி ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து மாதிரி நின்றால் எடுத்துக்கொள்ளலாம், உடனே உள்ளே போய்விட்டால் வேண்டாம்.

அக்காவுக்கு அந்தக் காகிதப்பூவை பிவி 19இல் மறுபடி வரைந்து கொடுத்தேன். இப்போது ஜன்னல் வெயில் படாத பக்கச் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டியிருக்கிறாள். ஐந்து வருடம் ஆகிறது. போகும்போதெல்லாம் முதலில் அதன் பக்கத்தில் போய்ப் பூக்களைத்தான் பார்க்கிறேன்.