வாசகர் கேள்வி–பதில்: பர்மாவிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த 31-ஆம் ஸ்குவாட்ரன்

கேள்வி: எங்கள் ஐயா வணிகத்துக்காகக் கொண்டுவிக்கப் போனது பர்மாவுக்கு. 1942-இல் வடக்குப் பர்மாவின் மிச்சினாவில் பட்டாளத்து ஏரோப்பிளேனில் ஏறி அசாமில் இறங்கி, ரயில் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள் என்று அப்பத்தா சொல்வார்கள். அது எந்தப் படைப்பிரிவின் விமானம்? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: பெரும்பாலும் பிரிட்டிஷ் விமானப்படையின் 31-ஆம் ஸ்குவாட்ரனுடையது. ‘பெரும்பாலும்’ என்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கப் படை விமானங்களும் சீன தேசிய விமானக் கழகத்தின் விமானங்களும் அதே ஓடுதளத்தில் இறங்கி ஆட்களை ஏற்றின.

31-ஆம் ஸ்குவாட்ரன் 1915-இல் இங்கிலாந்தில் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் இந்தியா வந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் போர்விமானப் பிரிவு அதுதான். ‘இந்திய வானில் முதல்வன்’ என்ற பொருளுடைய லத்தீன் வாசகத்தை இன்றும் சின்னத்தில் வைத்திருக்கிறது. நெடுங்காலம் வடமேற்கு எல்லையில் சிறு விமானங்களை ஓட்டிய பிரிவு, 1939-இல் வேலன்ஷியா என்ற இரட்டை இறக்கை விமானங்களைப் பெற்றுப் போக்குவரத்துப் பணிக்கு மாறியது. அமெரிக்கப் பயணி விமானங்களாக ஓடிய டிசி-2 ரகம் 1941-இல் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு பர்மாவிலிருந்து ஆட்களை மீட்டது இந்த டிசி-2, டிசி-3 விமானங்களை வைத்துத்தான்.

ரங்கூன் 1942 மார்ச் 8-இல் ஜப்பானியரிடம் விழுந்தது. பிரிட்டிஷ் படை வடக்கே பின்வாங்கி நகர நகர, விமானம் ஏறும் இடமும் மாக்வே, ஷ்வேபோ, மிச்சினா என்று நகர்ந்தது. கடைசி இடம் மிச்சினா. மே 6-இல் அங்கே ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோதே ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மே 8-இல் ஊரே கைமாறியது. அதன் பிறகு நடந்தே மலை தாண்டியவர்களுக்கு இதே பிரிவு வானிலிருந்து அரிசி போட்டது. 1944-இல் மேற்குப் பர்மாவின் அரக்கானில் முற்றுகைக்குள் சிக்கிய 7-ஆவது இந்திய டிவிஷனுக்கும், பிறகு இம்பாலுக்கும் சரக்கு கொண்டுபோன பிரிவுகளில் இதுவும் ஒன்று. இம்பால், கோஹிமா முற்றுகையில் விமானங்கள் மொத்தமாக ஏறத்தாழ 19,000 டன் சரக்கை உள்ளே கொண்டுபோய், 43,000 பொதுமக்களையும் 13,000 காயம்பட்டவர்களையும் வெளியே கொண்டுவந்தன. பீரங்கிச் சண்டைக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இந்தச் சுமைதூக்கும் பிரிவுகளுக்குக் கிடைக்கவில்லை என்பது எங்கள் குறை.

1946 செப்டம்பரில் பிரிவு கலைக்கப்பட்டது. 1948-இல் அதே எண் வேறொரு பிரிவுக்குத் தரப்பட்டு, இன்று பிரிட்டனில் ஆளில்லா விமானப் பிரிவாக இருக்கிறது.

கேள்வி: 21 பேர் அமரும் விமானத்தில் 70 பேர் வந்தார்கள் என்கிறார்களே, நம்பலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: நம்பலாம். 70-க்கும் மேல் ஏற்றிய பறப்பும் பதிவாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசி-3 குடும்பத்தின் படை வடிவமான டகோட்டா வழக்கமாகச் சுமக்கும் சரக்கு சுமார் 2,700 கிலோ. ஆளுக்கு 50 கிலோ என்றால் 70 பேர் 3,500 கிலோ. மிகுதி 800 கிலோவை எரிபொருளில் குறைத்தார்கள். மிச்சினாவிலிருந்து அசாமின் தின்ஜான் சுமார் 320 கி.மீ., ஒன்றேகால் மணி நேரப் பறப்புதான். தொட்டி நிறையப் பெட்ரோல் தேவையில்லை. இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஆட்களைத் தரையில் உட்காரவைத்தார்கள். மூட்டை முடிச்சுக்கு இடம் கிடையாது. பெட்டியை ஓடுதள ஓரத்தில் விட்டுவிட்டு வந்ததாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால் காரணம் இதுதான்.

எடையைவிட ஆபத்தானது அது உட்காரும் இடம். டகோட்டா தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்திருக்கும். கதவு பின்புறம் இடப்பக்கம். ஏறியவர்கள் கதவருகிலேயே நெருக்கிக்கொண்டால் எடை முழுதும் வாலில் விழும். ஓடும்போது வால் தூக்காது. தூக்கினாலும், மேலெழும் நேரத்தில் மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்து, வேகம் செத்து விமானம் விழும். அதனால் முதலில் ஏறியவர்களை விமானி அறைச் சுவர் வரை முன்னே தள்ளி உட்காரவைத்து, புறப்பாடு முடியும்வரை எழக்கூடாது என்று சொல்வது கட்டாயம். உச்சி வெயிலில் காற்று அடர்த்தி குறைவதால் ஓடுதளத்தில் கூடுதல் தூரம் ஓடவேண்டியிருக்கும். பாரம் மிகுந்த பறப்புக்கு விடியற்காலையே நல்லது.

கேள்வி: அரிசி மூட்டையைப் பாரசூட் இல்லாமலே போட்டார்களாம். சிதறிப்போகாதா? (வாசகர், புதுவயல்)

பதில்: ஒற்றைச் சாக்கில் போட்டால் சிதறும். உள்சாக்கை நிறைக்காமல் தளர்வாகக் கட்டி, அதைவிடப் பெரிய இன்னொரு சாக்கில் போட்டுத் தைப்பார்கள். விழும் வேகத்தில் உள்சாக்கு வெடித்தாலும் மணி வெளிச்சாக்கில் தங்கும். சில நேரம் மூன்று சாக்கு. அரிசி, ஆட்டா, உப்பு, கோவேறு கழுதைத் தீவனம் எல்லாம் இப்படிப் போகும். உயரம் 150 முதல் 200 அடி. வெடிமருந்து, மருந்து, பெட்ரோல் போன்றவற்றுக்குப் பாரசூட் வேண்டும். அது விரிய நேரம் வேண்டுமென்பதால் உயரமும் கூடும்.

ஒரே சுற்றில் முழுச் சுமையையும் தள்ள முடியாது. கதவைக் கழற்றிய வாசலில் மூட்டைகளை அடுக்கி, மணி அடித்ததும் காலால் உதைத்துத் தள்ளுவார்கள். மணிக்கு 190 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 53 மீட்டர். இரண்டு நொடி தாமதித்தால் மூட்டை நூறு மீட்டர் தள்ளிக் காட்டுக்குள்ளோ எதிரியிடமோ போய்விடும். ஆகவே சுற்றுக்குச் சில மூட்டைகள் மட்டும், எட்டு முதல் பத்துச் சுற்றுகள். தரையில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, முதல் மூட்டை விழுந்ததும் எடுக்க ஓடுவது. அடுத்த சுற்று மூட்டை ஆளைக் கொன்றுவிடும். அப்படி இறந்தவர்கள் உண்டு.

பட்டுத்துணிப் பாரசூட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பர்மா போர்முனையின் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் கல்கத்தாச் சணல் ஆலைகளைக் கேட்டுச் சணல் பாரசூட் செய்யவைத்தார். வழக்கமான பாரசூட்டின் விலை 20 பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல், இது ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். வேலையில் 85 விழுக்காடு தேறியது. ஆள் குதிக்க உதவாது, சரக்குக்குப் போதும்.

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்து ஓடுதளத்திலிருந்தும் சீனாவுக்கு விமானம் போனதா? (மாணவர், காரைக்குடி)

பதில்: இல்லை. செட்டிநாட்டு ஓடுதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்ததுதான். ஆனால் இமயத்தைத் தாண்டி சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு போனது அசாமின் சாபுவா, தின்ஜான், தேஜ்பூர், ஜோர்ஹாட், மோகன்பாரி தளங்களிலிருந்து. 1942 டிசம்பர் முதல் அதை நடத்தியது அமெரிக்காவின் ஏர் டிரான்ஸ்போர்ட் கமாண்ட். இன்று நம் மாநிலத்தில் போக்குவரத்துப் பிரிவைப் பார்க்க வேண்டுமானால் சூலூர்: இந்திய விமானப்படையின் 33-ஆம் ஸ்குவாட்ரன், ஏஎன்-32 விமானங்கள்.

கேள்வி: பெரியவர்கள் எந்த விமானத்தில் வந்தார்கள் என்று ஆவணத்தில் தேட வழி உண்டா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: உண்டு. ஆனால் பயணி பெயரை எதிர்பார்க்க வேண்டாம். 31-ஆம் ஸ்குவாட்ரனின் நாட்பதிவு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தில், ‘ஏர் 27’ வரிசையில் இருக்கிறது. படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம். படிவம் 541-இல் விமான எண், விமானிகள், புறப்பட்ட நேரம், செய்த பணி இருக்கும். தேதி தெரியாமல் அதைத் திறந்து பயனில்லை.

தேதி உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் கிடைக்கலாம். வந்து சேர்ந்ததும் அடித்த தந்தி, அசாமிலிருந்து போட்ட கடிதத்தின் அஞ்சல் முத்திரை, பேரேட்டில் வழிச்செலவு எழுதிய பக்கம் இவற்றை முதலில் பாருங்கள். பெயரை விலாச எழுத்துகளோடு (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) குறித்துக்கொள்ளுங்கள், அகதிப் பதிவுகளில் தேட அது உதவும். பேரேட்டில் தமிழ்த் தேதி இருந்தால் கவனம்: மிச்சினா விழுந்த மே 8, சித்திரபானு வருடம் சித்திரை மாதக் கடைசி வாரத்தில் வருகிறது. விமானம் ஏறிய நாள் வைகாசி என்று எழுதியிருந்தால் அது மிச்சினா விமானமாக இருக்க முடியாது. ரங்கூனில் ஏறியதாகச் சொன்னால், கப்பலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.