பியாஜே, எரிக்சன் எல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா, நிஜ வாழ்க்கைக்கும் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் மனப்பாடம் செய்த அட்டவணையைக் கொண்டுவந்து வீட்டில் இருப்பவர்கள் மேல் ஒட்டிப் பார்த்தால் பொருந்தாது. இவர்கள் மனிதர் வளர்வதைப் பருவம் பருவமாகப் பிரித்துச் சொன்ன உளவியலாளர்கள். நீங்கள் பி.எட். படிப்பதாகவும், வயதையும் பருவத்தையும் பொருத்தி எழுதுவதைத் தவிர இந்த வளர்ச்சி உளவியல் பாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த வழியாக வந்தவள்தான். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாட்டுக்கு என்பதால், 0–2, 2–7, 7–11, அதற்கு மேல் என்று குழந்தையின் சிந்தனை வளர்வதற்குப் பியாஜே சொன்ன நான்கு பருவங்களையும் மொட்டை மாடியில் நடந்துகொண்டே ஒப்பித்தவள். ஒப்பித்தபோது ஒன்றும் புரியவில்லை. அக்கா மகன் ரஸ்னாவுக்காகச் சண்டை போட்ட அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போது அவனுக்கு ஐந்தரை வயது. அவனுக்கும் அவன் தங்கைக்கும் ஒரே மாதிரி இரண்டு கிளாஸில் சமமாக ஊற்றி வைத்திருந்தேன். தங்கச்சியின் கிளாஸில் எறும்பு விழுந்துவிட்டது, அதை வடிகட்டி, கையில் அகப்பட்ட ஒல்லியான உயர கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான், "சித்தி, அவளுக்கு மட்டும் நிறைய!" என்று அழுகை. அவன் கண் முன்னாலேயே பழைய கிளாஸுக்கு மாற்றினேன். "இப்ப?" "இப்ப சமம்." மறுபடி ஒல்லி கிளாஸ். "இப்ப அவளுக்கு நிறைய." நாலு தடவை ஊற்றினோம், நாலு தடவையும் இதே பதில், அதில் முரண் இருப்பதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. உயரம் கூடினால் அளவு கூடியது, அவ்வளவுதான். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது இந்த வயதுக்குப் பிடிபடாது என்று, 'அளவு மாறாமை' என்ற பெயரில் நான் பாயிண்ட் பாயிண்ட்டாக எழுதிய சமாசாரம், தலை நிறைய எண்ணெயோடு எதிரே நின்று அழுதுகொண்டிருந்தது.

பியாஜேயும் இப்படித்தான் உள்ளே வந்திருக்கிறார். சுவிட்சர்லாந்துக்காரர், 1896-ல் பிறந்தவர், முதலில் படித்தது விலங்கியல், நத்தை வகைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர். பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் சீர்ப்படுத்தும் வேலை கிடைத்தது. சரியான விடைகளை எண்ணி மார்க் போடுவதுதான் வேலை, இவர் தப்பு விடைகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரியாகத் தப்புச் செய்வது கண்ணில் பட்டது. அப்படியென்றால் அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும் அல்லவா? அதைத் தேடித்தான் பிற்பாடு தன் மூன்று பிள்ளைகளையும் தொட்டிலிலிருந்தே கவனித்துக் குறிப்பெடுத்தார். பாடப்புத்தகத்தில் இந்தக் கதை இரண்டு வரி, வயதுக் கட்டங்கள் இரண்டு பக்கம். தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏனென்றால் அந்த வயதுகள்தான் அவர் கோட்பாட்டில் அதிகம் அடி வாங்கிய பகுதி. 1970-களில் மெக்கேரிகல், டொனால்ட்சன் என்ற இருவர் இதே மாதிரிச் சோதனையைச் சின்ன மாற்றத்தோடு செய்தார்கள். இரண்டு வரிசையில் சமமாக விளையாட்டுக் காய்களை அடுக்கிவிட்டு, பெரியவர் ஒரு வரிசையை நீட்டுவதற்குப் பதிலாக, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிடும். அப்போது நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் நிறையப் பேர் "சமம்தான்" என்று சரியாகச் சொன்னார்கள். காரணம் யோசித்துப் பாருங்கள்: பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போல என்றுதான் பிள்ளை நினைக்கும். நம் வகுப்பறைகளில் கேட்கவே வேண்டாம், டீச்சர் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டாலே கையைத் தூக்கினவன் உட்கார்ந்துவிடுவான்.

வயது விஷயத்தில் இன்னொன்று. இதே அக்கா மகன் ஒரு வயது முடிந்தும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி தொடங்கி அத்தனை பேரும் துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கில், பிடிமானம் இல்லாமல் நடப்பதற்கான இடைவெளி 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. எவ்வளவு அகலம் பாருங்கள். அவன் பதினைந்தாம் மாதம், கரண்ட் போன நேரத்தில், யாரும் கவனிக்காதபோது எழுந்து நடந்தான். ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும், அது வேறு. அதற்கு முன்னால் எதிர் வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் புலம்புவதில் பிரயோஜனம் இல்லை.

வைகாட்ஸ்கியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய உளவியலாளர், பியாஜேயைப் போல அவரும் 1896-ல் பிறந்தவர், காசநோயால் 37 வயதிலேயே போய்விட்டார். பிள்ளை தனியாகச் செய்ய முடிவது ஒன்று, பக்கத்தில் ஒருவர் கைகொடுத்தால் செய்ய முடிவது இன்னொன்று, இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கற்பித்தலுக்கு வேலை என்றார். வகுப்புக்குள் போகிற உங்களுக்கு மற்ற எல்லோரையும்விட இவர்தான் உதவுவார்.

இனி எரிக்சன். வளர்ச்சி பதினெட்டு வயதோடு முடிந்துவிடுவதில்லை, சாகும்வரை எட்டுக் கட்டம் என்றவர். இவர் பெயரிலேயே ஒரு கதை இருக்கிறது. பெற்ற தகப்பன் யார் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, ஹோம்பர்கர் என்ற மாற்றாந்தந்தையின் பெயரில் வளர்ந்தவர், அமெரிக்கா போன பிறகு, எரிக் என்ற தன் பெயரிலிருந்தே 'எரிக்கின் மகன்' என்று பொருள்படும்படி எரிக்சன் என்று தானே வைத்துக்கொண்டார். 'அடையாள நெருக்கடி' என்ற சொல்லைப் பரப்பியவர் இவர் என்பதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் விடலைப் பருவத்தில் 'நான் யார்' என்ற அடையாளம் முதலில், துணையோடு நெருக்கம் அப்புறம் என்ற அவருடைய வரிசை எனக்கு இடிக்கிறது. அக்காவுக்கு இருபதில் கல்யாணம், இருபத்திரண்டில் குழந்தை, அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தது முப்பத்து மூன்றில். "நான் யார், எனக்கு என்ன வேண்டும்" என்ற கேள்வி, இரண்டு பிள்ளைக்கும் டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிய பிறகுதான் அவளுக்கு வந்தது. நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு இதுதான் வரிசை. எரிக்சனும் எந்தக் கட்டமும் ஒரேயடியாக முடிந்துபோகிறது என்று சொல்லவில்லை, விட்டுப்போனது திரும்ப வரும் என்றுதான் சொன்னார். நோட்ஸ் போடுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இந்தப் பாடத்திலேயே ரொம்பப் பிடித்தவர் பால் பால்டஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர். எந்த வயதிலும் வளர்ச்சி என்பது கொஞ்சம் பெறுவதும் கொஞ்சம் இழப்பதும் சேர்ந்ததுதான் என்பது அவர் வாதம். முதுமையில் இழப்பு கூடும்போது மனிதர்கள் மூன்று வேலை செய்கிறார்களாம்: தேர்ந்தெடுத்தல், மெருகேற்றல், ஈடுகட்டல். பியானோ மேதை ரூபின்ஸ்டைனை உதாரணம் காட்டுவார். வயதான பிறகு அவர் குறைந்த உருப்படிகளையே வாசித்தார், அவற்றை அதிகம் பயிற்சி செய்தார், வேகமான இடம் வருமுன் வேண்டுமென்றே மெதுவாக வாசித்து அடுத்த வேகத்தைக் கூட்டிக் காட்டினார்.

என் உதாரணம் அப்பா. வயது 72, தையல்காரர், ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆனவர். இப்போது சட்டை, பேன்ட் எடுப்பதில்லை, பிளவுஸ் மட்டும், அதுவும் அளவு பிளவுஸ் கொண்டுவருகிறவர்களுக்கு மட்டும். கட்டிங் எல்லாம் காலை வெயில் வாசலில் விழும்போதே முடித்துவிடுவார், கறுப்புத் துணியைச் சாயங்காலம் தொடவே மாட்டார். பேத்தி பள்ளிக்கூடம் போகுமுன் பன்னிரண்டு ஊசியில் வேறு வேறு கலர் நூல் கோத்து, மெஷின் ஓரத்தில் தொங்கும் பஞ்சுப் பொட்டலத்தில் குத்தி வைத்துவிட்டுப் போவாள், அன்றைய கொக்கி, ஹெம்மிங் எல்லாம் அந்தப் பன்னிரண்டு ஊசியில் ஓடும். பால்டஸ் பெயரையே கேள்விப்படாத மனிதர், மூன்றையும் செய்கிறார். போனில் ஜிபே பணம் வந்ததா என்று பார்க்க ஐந்து நிமிஷம் தடுமாறுவார், வாசலில் நிற்கிறவரின் தோளைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார். புதிதாகப் பிடிபடும் அறிவு குறையும், சேர்த்து வைத்த அறிவு நிற்கும் என்று ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் பிரித்துச் சொன்னது இதைத்தான்.

அவர் 1979 தீபாவளிக்கு அரிக்கேன் வெளிச்சத்தில் ஒரே ராத்திரியில் நாற்பது சட்டை தைத்த கதையை வாரம் ஒரு தடவை சொல்வார். முன்பு எரிச்சலாக இருக்கும். வயதானவர்கள் பழசையே பேசுவது புத்தி மங்கியதால் அல்ல, வாழ்ந்த வாழ்க்கையை எடுத்து அடுக்கிப் பார்க்கிற இயல்பான வேலை என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963-லேயே எழுதியிருக்கிறார் என்று படித்த பிறகு உட்கார்ந்து கேட்கிறேன். போன வாரம் சட்டை அறுபது ஆகிவிட்டது.

பரீட்சையில் மட்டும் இதையெல்லாம் எழுதிவிடாதீர்கள், அட்டவணையைப் போடுங்கள். மார்க் அதற்குத்தான்.