1950களின் டிவி பேய்ப்படத் தொகுப்பாளர்கள் அப்போதே பிரபலமா, பிறகு ஊதப்பட்ட கதையா? பழைய செய்தித்தாளை வைத்துச் சொல்ல முடியுமா?

அப்போதே பிரபலம்தான். அதைச் சொல்வதற்குச் செய்தித்தாளை விட்டால் நம்மிடம் வேறு சாட்சியும் அதிகம் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு ஊர் நிலையமும் ராத்திரி நேரத்தில் பழைய பேய்ப்படத்தைப் போட்டு, நடுநடுவே வேஷம் கட்டிய ஒருவரைப் பேசவிட்ட அந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரலை. வீடியோ டேப் இயந்திரமே 1956-ல்தான் வந்தது, டேப் விலையும் அதிகம் என்பதால் பழைய பதிவை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிதைப் பதிவு செய்தார்கள். ஆக, இவர்கள் திரையில் செய்ததில் ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 1954-ல் வாம்பைரா என்ற வேஷத்தில் தொகுப்பாளராக வந்த மைலா நூர்மியும் அப்படித்தான். அவருடைய நிகழ்ச்சி ஓடியது ஒரே நகரத்தில், ஆனால் அதே வருஷம் லைஃப் பத்திரிகை படங்களோடு எழுதியதால் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டார். இன்றைக்கு அவரை நாம் அறிந்திருப்பது அச்சில் வந்த படங்களால்தான் என்று நான் நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்தவர் பிலடெல்பியாவின் ஜான் ஸாக்கர்லி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தவர், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தவர், பிறகு டபிள்யூசிஏயூ என்ற நிலையத்தின் நேரலை கௌபாய் தொடரில் சின்னச் சின்ன வேஷங்கள் போட்டுக்கொண்டிருந்தவர். 1957-ல் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம் டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன் உட்பட யுனிவர்சல் ஸ்டுடியோவின் 52 பழைய படங்களை 'ஷாக்' என்ற பெயரில் மூட்டையாகக் கட்டி நிலையங்களுக்கு விற்றது. அதை வாங்கிய நிலையங்களில் பல தங்களுக்கென்று ஒரு பேய் ஆசாமியைப் பிடித்துக்கொண்டன. பிலடெல்பியாவுக்குக் கிடைத்தவர் 'ரோலண்ட்'. அதுதான் ஸாக்கர்லி. நீளமான கறுப்புக் கோட்டு, வெளுத்த முகம், சவப்பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மனைவி. காலிஃப்ளவரை மூளை என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்வார், சாக்லேட் சிரப் ரத்தமாக ஓடும், அப்புறம் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று காட்சிக்குள் அவர் முகம் வந்துபோகும். இந்தக் கடைசி வேலையை அவ்வளவு கச்சிதமாகச் செய்தவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து.

1958-ல் நிலையம் ரசிகர்களை நேரில் வந்து ரோலண்டைப் பார்க்கலாம் என்று கூப்பிட்டபோது சுமார் 13,000 பேர் திரண்டுவிட்டார்கள். அதே வருஷம் கேமியோ என்ற இசைத்தட்டு கம்பெனி வெளியிட்ட அவருடைய 'டின்னர் வித் டிராக்' பாட்டு பில்போர்டு பட்டியலில் 6-வது இடம் வரை ஏறியது. படம் அல்ல, படத்துக்கு நடுவில் வரும் ஆள்தான் இழுத்தார் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, செய்தித்தாளுக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியின் சுவையான பகுதி இதுதான். நிகழ்ச்சி தொடங்கியபோது டபிள்யூசிஏயூ நிலையம் 'ஈவினிங் புல்லட்டின்' பத்திரிகையின் சொத்து. போட்டி நிலையமான டபிள்யூஎஃப்ஐஎல் 'இன்குவைரர்' பத்திரிகை முதலாளி வால்டர் அனன்பெர்க் குடும்பத்தினுடையது, போதாததற்கு டிவி கைடு வார இதழும் அவருடையதே. அதாவது ரோலண்டைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியிருந்தால் அது தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறது, இன்னொன்று எழுதியிருந்தால் எதிர்வீட்டுப் பிள்ளையைப் பற்றி. இது தெரியாமல் பத்திரிகைத் துணுக்குகளை எண்ணி "இவர் இவ்வளவு பிரபலம்" என்று முடிவு கட்டுவது சரியாகாது. எதிர்முகாம் பத்திரிகையில் அவர் பெயர் வந்திருந்தால் அதற்கு நான் இரண்டு மடங்கு மதிப்புக் கொடுப்பேன். இதே காரணத்தால்தான் டிக் கிளார்க் விஷயமும் முக்கியம். எதிரணியான டபிள்யூஎஃப்ஐஎல் நிலையத்திலிருந்து நாடு முழுக்க 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' என்ற பாட்டு, நடன நிகழ்ச்சியை நடத்தியவர் அவர். ஸாக்கர்லிக்கு 'கூல் கூல்' (Cool Ghoul, அதாவது அசத்தலான பிணம்தின்னிப் பேய்) என்ற பட்டப்பெயரைக் கொடுத்தவரும் அவரே.

தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1958 இலையுதிர் காலத்தில் ஸாக்கர்லி நியூயார்க்கின் டபிள்யூஏபிசி நிலையத்துக்குப் போனபோது ரோலண்ட் என்ற பெயர் போய், சொந்தப் பெயரையே கடைசியில் ஒரு 'ஒய்' சேர்த்து வைத்துக்கொண்டார். அதனால் ஒரே மனிதருக்கு மூன்று பெயர்: Roland, Zacherle, Zacherley. பிலடெல்பியா பத்திரிகைகளில் ரோலண்ட் என்று மட்டும் போட்டுத் தேடினால் ஊரில் உள்ள ரோலண்டுகள் எல்லோரும் வந்து நிற்பார்கள், 'ஷாக் தியேட்டர்' என்று நிகழ்ச்சியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கட்டுரைகளை மட்டும் பார்க்காமல் டிவி அட்டவணை, விளம்பரம், வாசகர் கடிதம் மூன்றையும் பாருங்கள். அட்டவணையில் படத்தின் பெயர் மட்டும் இருந்த இடத்தில் தொகுப்பாளர் பெயரும் ஏறுகிறதா என்று கவனித்தாலே அவருடைய வளர்ச்சி தெரிந்துவிடும். 1960-ல் ஸாக்கர்லி ஜனாதிபதி தேர்தலில் நிற்பதாக வேடிக்கைப் பிரசாரம் செய்தார், அந்த வருஷத்து நியூயார்க் பத்திரிகைகளையும் விட்டுவிடாதீர்கள்.

இந்தப் புகழ் ஊர்ப் புகழ் என்பதையும் மனதில் வையுங்கள். பிலடெல்பியாவில் பிள்ளைகளை விழித்திருக்க வைத்தவரைச் சிகாகோக்காரர் ஒருவர் கேள்விப்படாமலே இருந்திருக்கலாம், அதற்காக அவர் புகழ் குறைந்ததாகிவிடாது. 2016-ல் 98 வயதில் ஸாக்கர்லி இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் இரங்கல் கட்டுரை போட்டது. அதை மட்டும் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். புல்லட்டின் 1982-ல் மூடப்பட்டாலும் அதன் துணுக்குகளும் புகைப்படங்களும் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பிலடெல்பியா பக்கம் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.