அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்

கேள்வி: எனக்கு வயது 43. ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர். வேலையை விட்டுவிட்டு அகமதாபாத் ஐ.ஐ.எம். நடத்தும் ஓராண்டு முழுநேர நிர்வாகப் படிப்பில் சேர விரும்புகிறேன். அதற்கான ஜிமேட் நுழைவுத் தேர்வும் எழுதிவிட்டேன். மனைவி வங்கியில் பணிபுரிகிறார். அவருக்கு முழுச் சம்மதம். எங்கள் குடும்பத்தில் படிப்புக்குத்தான் எப்போதும் முதலிடம். அப்பாவால் இருவரையும் படிக்கவைக்க முடியாததால், நான் பொறியியல் சேர்ந்த பிறகு தம்பி பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுகொண்டான். 71 வயதான அம்மாவை ஊரில் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு மாதாமாதம் அனுப்பும் 15,000 ரூபாயை மட்டும் ஓராண்டு நிறுத்த வேண்டியிருக்கும். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். இந்த வயதில் இது சரியான முடிவுதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வயதைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2006-இல் தொடங்கிய அந்தப் படிப்பு, விண்ணப்பிப்பவரிடம் குறைந்தது 25 வயதையும் 4 ஆண்டு வேலை அனுபவத்தையும் கேட்கிறது. இரண்டும் உங்களிடம் தாராளமாக இருக்கின்றன. உடன் படிப்பவர்களில் பெரும்பாலோர் முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பார்கள் என்பதும், படிப்பு முடிந்து வேலை தேடும்போது அவர்களோடுதான் நீங்கள் போட்டியிட வேண்டியிருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. இதே கேள்வியோடு எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். எல்லாவற்றிலும் வயதுதான் பெரிய கவலையாக எழுதப்பட்டிருக்கும், உண்மையான சங்கதி வேறெங்கோ ஓர் அரை வரியில் கிடக்கும். உங்கள் கடிதத்தில் அது ‘அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்’ என்ற இடத்தில் கிடக்கிறது.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பலமுறை படித்தேன். நல்ல தொழிற்சாலைக்காரருக்கே உரிய ஒழுங்கு அதில் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 90,000 ரூபாய்க்கு மடிக்கணினி, மகளின் பள்ளிக் கட்டணம், மாதம் 22,000 ரூபாய் கார் தவணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வேலையை விடும்போது கையில் வரும் கிராஜுவிட்டி 6,37,500 ரூபாய் என்பதை, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்குப் போட்டு, பிசகில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். பதினோராவது வரியில் ‘தம்பி’ என்று எழுதி, அதற்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பூஜ்யத்தை எழுதும்போது உங்கள் கை ஒரு கணமாவது நின்றதா?

காரின் தவணையை ஏன் நிறுத்தவில்லை என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். நிறுத்தினால் வங்கியிலிருந்து தொலைபேசி வரும், நோட்டீஸ் வரும், கடைசியில் வண்டியையே எடுத்துப்போய்விடுவார்கள். தம்பிக்கு அனுப்புவதை நிறுத்தினால் எதுவும் வராது. ஆக, சத்தம் போடுகிறவருக்கு மாதம் 22,000, வாய் திறக்காதவருக்குப் பூஜ்யம் என்று நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். ஓராண்டில் தம்பிக்குப் போக வேண்டிய தொகை மொத்தமே 1,80,000 ரூபாய்தான். ஆறே கால் லட்சத்துக்கு மேல் கிராஜுவிட்டி வாங்கப்போகிற ஒருவருக்கு இது இயலாத தொகை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். நீங்கள் தேடவே இல்லை, ஏனென்றால் தேடும்படி அங்கே யாரும் உங்களை நெருக்கவில்லை.

இன்னொரு சொல்லும் என்னை உறுத்துகிறது. தம்பி ‘நின்றுகொண்டான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினேழு வயதுப் பையன், அண்ணனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியபின் வீட்டில் காசில்லை என்று தெரிந்ததால், தானாகவே நின்றுகொண்டானா? அவனை நிறுத்தினார்கள். நிறுத்தியதை அவன் ஏற்றுக்கொண்டான், அவ்வளவுதான். அன்றும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் உங்கள் பொறியியல் பட்டமும், 17 ஆண்டுச் சம்பளமும், இப்போது எழுதிய ஜிமேட்டும் நிற்கின்றன. அதே மனிதரிடம் இரண்டாவது முறையாக, அதுவும் கேட்காமலேயே, உங்கள் படிப்புக்கான விலையை வாங்கப் பார்க்கிறீர்கள். இதைத்தான் படிப்புக்கு முதலிடம் தரும் குடும்பம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். யாருடைய படிப்புக்கு?

கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நானும் ஒருவர் நின்றதால் படித்தவள். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் என் அக்கா எட்டாம் வகுப்போடு பீடி சுற்ற உட்கார்ந்தார். மடியில் சுளகை வைத்து, இலையை வெட்டி, தூளை அள்ளிப் போட்டு அவர் சுருட்டுகிற வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. இரவு சோறு பிசையும்போதும் அந்த விரல் நுனிகளில் புகையிலை வாடை போகாது. என் விடுதிக் கட்டணம் அந்த விரல்களிலிருந்துதான் வந்தது. வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து, அவருடைய வீட்டு ஓடு ஒழுகுவதை ஒரு மழைநாளில் நேரில் பார்த்துவிட்டு, ஏன் அக்கா என்னிடம் கேட்கவில்லை என்று கோபப்பட்டேன். ‘கேட்டா குடுத்திருப்ப, எனக்குத் தெரியும். கேக்காம இருந்தா நெனப்பு வருதான்னு பாத்தேன்’ என்றார். அந்த வீட்டுத் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது இன்றும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் ஒன்றும் சொல்லாதவர்களைப் பற்றி யாராவது இவ்வளவு லேசாக எழுதினால் எனக்குப் பொறுப்பதில்லை.

உங்கள் கணக்கில் விட்டுப்போன ஒன்றும் தம்பியின் தலையில்தான் விழும். அம்மாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததாகவும், கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் அது நடந்ததாகவும் பட்டியலின் அடியில் குறித்திருக்கிறீர்கள். அந்தக் குழுக் காப்பீடு உங்கள் வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோயின் செலவைத் தர மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்ல காப்பீட்டு நிறுவனத்தால் முடியும். நீங்கள் அகமதாபாத் விடுதியில் இருக்கும் நள்ளிரவில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால், வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முன்பணம் கட்டக் கையேந்தி நிற்கப்போவது அந்தப் பதினோராவது வரிக்காரர். வேலையிலிருந்து விலகும் முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று எழுத்துமூலம் கேளுங்கள். இதுவரை காப்பீட்டில் இருந்த காலம் கணக்கில் சேர வழியுண்டு. அதற்குப் பதில் வராமல் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வட்டி 10 சதவீதம் என்று வைத்து, படிக்கும் ஓராண்டும் அதன்பின் தரப்படும் ஓராண்டு அவகாசமும் எதுவும் கட்டாமல் விட்டால், தனிவட்டிக் கணக்கிலேயே 30 லட்சம் 36 லட்சமாகும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 47,500 ரூபாய் வேண்டும். அடைத்து முடிக்கும்போது உங்களுக்கு வயது 55. தம்பியின் வரியில் ஒரு முறை பூஜ்யம் எழுதிப் பழகிவிட்டால், இந்தத் தவணை ஓடும் பத்தாண்டும் அது பூஜ்யமாகவே இருக்கும் என்பது என் பயம்.

திருச்சி ஐ.ஐ.எம்., வேலையில் இருப்பவர்களுக்காகச் சென்னையிலேயே வார இறுதி வகுப்புகளாக இரண்டாண்டு நிர்வாகப் படிப்பு ஒன்றை நடத்துகிறது. சம்பளம் நிற்காது, அம்மாவின் காப்பீடு நிற்காது. என் தம்பியாக நீங்கள் இருந்தால் அதில்தான் சேரச் சொல்வேன். அகமதாபாத்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கிராஜுவிட்டியிலிருந்து 1,80,000 ரூபாயைத் தம்பியின் பெயரில் முதலிலேயே ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

எதுவானாலும், முதலில் ஊருக்குப் போங்கள். தொலைபேசியில் பேசினால் அவர் ‘சரிண்ணே’ என்றுதான் சொல்வார்; அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீங்கள் திரும்பிவிடுவீர்கள். நேரில் போய், அந்தக் காகிதத்தைப் பதினோராவது வரி தெரியும்படி அவர் முன்னால் விரித்து, நான் இப்படி எழுதிவிட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, இருந்தால் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று இவ்வளவு நீண்ட கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.