ஒரு காசு குறைவா?

கேள்வி: 10 வெள்ளி என்று நேராகப் போடாமல், 9.99 வெள்ளி என ஒரு காசு குறைத்து ஏன் கடைகளில் விலை வைக்கிறார்கள்? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: 'குறைத்து' என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். குறைத்திருந்தால் அந்த ஒரு காசு உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். வருகிறதா? மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகையை ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். கடைசி இலக்கம் ஒன்று, இரண்டு என்றால் கழியும். மூன்றும் நான்கும் ஐந்தாக ஏறும். ஆறும் ஏழும் ஐந்துக்கு இறங்கும். எட்டும் ஒன்பதும் பத்தாகும். ஆக, 9.99 வெள்ளிச் சட்டைக்கு நீங்கள் கொடுப்பது 10 வெள்ளி. இரண்டு எடுத்தால் 19.98, அதுவும் 20தான். மூன்று எடுத்தால் 29.97 என்பது 29.95 ஆகி ஐந்து காசு மிஞ்சும். வங்கி அட்டையில் கட்டுகிறவருக்குத்தான் அந்த ஒரு காசு உண்மையிலேயே குறைகிறது.

அந்த விலை கண்ணுக்காக எழுதியது. எண்ணை இடமிருந்து படிக்கிறோம். முதலில் பட்ட ஒன்பது மனத்தில் உட்கார்ந்துகொள்கிறது, பின்னால் வரும் தொண்ணூற்றொன்பது தேய்ந்துபோகிறது. சில்லறை கொடுப்பதற்காகச் சிப்பந்தி கல்லாவைத் திறந்தே ஆக வேண்டும் என்பதற்காக வந்த வழக்கம் என்றும் சொல்வார்கள். ஒரு காசு நாணயத்தைக் கண்ணில் காண்பதே அரிதாகிவிட்ட நம் ஊரில் அந்தக் காரணம் செல்லாது.

நீங்கள் 'வெள்ளி' என்று எழுதியது எனக்கு மகிழ்ச்சி. 'ரிங்கிட்' என்றே அச்சிட வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நிற்பவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: அந்தச் சொல்லும் ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் பல் பல்லான விளிம்பைக் குறித்துப் பிறந்ததுதான்.

சின்னக் கணக்கு நமக்குப் புதிதா? நம் பழைய பின்னக் கணக்கில் மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320. கொடுப்பவரும் வாங்குபவரும் இம்மியும் இழக்கக் கூடாது என்று அத்தனை நுணுக்கமாகப் பிளந்தார்கள். நம் தமிழ்ப்பள்ளிகள் கீழ்வாய் இலக்கம் எனப்படும் இந்தப் பின்னங்களை ஒரு வாரமாவது சொல்லித்தர வேண்டும். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

கல்யாண வீட்டில் 100 வைக்காமல் 101 மொய் எழுதுகிறவர்கள் நாம். நம்மவரே கடை திறந்து 99 என்று எழுதி ஒட்டும்போது எனக்கு வலிக்கிறது. பினாங்கு சௌராஸ்தா சந்தையில் நான் காய்கறி வாங்கும் அம்மாவின் அட்டையில் கீரை 2 வெள்ளி என்றுதான் இருக்கிறது. கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் பைக்குள் போடுகிறார்.